காக்கிச் சட்டை போட்ட தோட்டத்துப் பெண்கள்



விடியலுக்கு முன்பே பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, வாளி சுமந்தவள் ஒருத்தி. கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்து பள்ளிக்கூடம் போனவள் இன்னொருத்தி. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச அன்றைய மலாயாவில் இடமே கிடையாது. தோட்டப் பெண்ணுக்குக் கிராணி வீட்டு வாசலே எட்டாத தூரம்!

அந்த இடத்தை ஒரு படை கொடுத்தது. 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக ஜான்சி ராணி படையை அமைத்தார். தலைமை ஏற்றவர், சென்னையில் படித்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். அக்டோபர் 22-ஆம் தேதி சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. வசதியான குடும்பத்து ஜானகி தேவர் காதுத் தோட்டைக் கழற்றி நிதிக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். சேர்ந்தவர்களில் பலர் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். எல்லாருக்கும் ஒரே காக்கிச் சட்டை, ஒரே துப்பாக்கிப் பயிற்சி.

வேற்றுமை அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. அதிகாரிப் பதவி பெரும்பாலும் படித்தவர்களுக்கே போனது. ஆனால் பர்மாவுக்குப் போனவர்கள் 1945-இல் ரங்கூனை விட்டுப் பின்வாங்கினார்களே, அப்போது எதிரி விமானத்துக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவில் சேற்றில் நடந்தவர்களுக்கு, யார் எந்த வீட்டுப் பெண் என்று பார்க்க ஏது நேரம்?



ஜானகி பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினரானார். 2000-இல் இந்தியாவின் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவரோடு நடந்த தோட்டத்துப் பெண்கள் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. உங்கள் குடும்பத்தில் அப்படியொரு பாட்டி இருந்திருந்தால், அவர் கதையைக் கேட்டவர்களிடம் விசாரித்து எழுதி வையுங்கள்.