தடை நூல் பட்டியலும் ஒரு நூலகரும்

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் என்றால் பணம் போட்ட சர் தாமஸ் போட்லியின் பெயர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். நூல்களைச் சேர்த்து, அடுக்கி, பட்டியலிட்டு அந்தப் பணத்தை நூலகமாக்கியவர் முதல் நூலகர் தாமஸ் ஜேம்ஸ். அவர் மதச் சண்டைக்காரரும்கூட. இரண்டும் வேறு வேறு வேலை என்று நினைத்தால் ஆள் பிடிபடமாட்டார்.

ஜேம்ஸ் புராட்டஸ்டண்ட். ரோமில் பழைய நூல்களை வேண்டுமென்றே திருத்தி அச்சிடுகிறார்கள் என்பது அவருடைய தீராத சந்தேகம். அதற்குத் தோதாக ஒரு விஷயம் கையில் கிடைத்தது. போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் 1590இல் லத்தீன் விவிலியத்தை, இதுவே இறுதிப் பாடம் என்று ஆணையிட்டு வெளியிட்டார். அச்சுப் பிழைகளின் மேல் சிறு துண்டுச் சீட்டுகளை ஒட்டித் திருத்திய பதிப்பு அது. அதே ஆண்டு அவர் இறந்துபோக, பதிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 1592இல் எட்டாம் கிளமெண்ட் வேறொரு பதிப்பைக் கொண்டுவந்தார். ஜேம்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதங்களைப் பொறுக்கி எடுத்து, 1600இல் ‘பெல்லும் பாப்பாலே’ என்று ஒரு நூலாகப் போட்டார். போப்புகளின் போர் என்று பொருள். இரண்டுக்கும் போப்பின் முத்திரை இருக்கிறதே, எதை நம்புவது என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயம்தான். ஆனால் எல்லாப் பேதத்திலும் சதியைப் பார்த்தது மிகை என்றே எனக்குப் படுகிறது.

நூலகம் 1602 நவம்பர் 8ஆம் தேதி சுமார் 2,000 நூல்களுடன் திறந்தது. பெரிய நூல்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். நெருப்புக்கு உள்ளே இடமில்லை. நூலகர் பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும் என்பது போட்லியின் விருப்பம். ஜேம்ஸோ கல்யாணம் செய்துகொண்டே தீருவேன் என்று நின்றார். போட்லி முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்.

1605இல் முதல் அச்சுப் பட்டியல் வந்தது; இறையியல், சட்டம், மருத்துவம், கலை என்று துறைவாரியாக. 1620இல் வந்த அடுத்த பட்டியல் ஆசிரியர் பெயரின் அகரவரிசையில். வாசகருக்கு எது வசதி என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் 1610இல் லண்டன் பதிப்பாளர் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம்: அவர்கள் அச்சிடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி நூலகத்துக்கு.

இதற்கிடையே சந்தேகம் மட்டும் விடவில்லை. திருச்சபைத் தந்தையர் எனப்படும் ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர்களின் நூல்களைப் பழைய கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் சிலரை உட்காரவைத்தார். 1625இல் குருமார் பேரவையில், இங்கிலாந்தின் எல்லா நூலகங்களிலும் இந்த வேலையைச் செய்யக் குழு போடுங்கள் என்று கேட்டார். யாரும் காது கொடுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது 1627இல் அவர் வெளியிட்ட நூல். கத்தோலிக்கத் திருச்சபை தடை செய்த நூல்களின் பட்டியல்களைத் தொகுத்து, போட்லியன் நூலகத்தின் பயனுக்கு என்று தலைப்பிலேயே போட்டுக் கொடுத்தார். ரோம் தயாரித்த தடை ஆணை ஆக்ஸ்ஃபோர்டுக்கு, வாங்க வேண்டிய நூல்களின் மளிகைச் சீட்டானது! அப்போது அவர் பதவியிலும் இல்லை, 1620இலேயே விலகியிருந்தார்.

1629இல் ஜேம்ஸ் இறந்தார். அவருடைய வாதப் பிரதிவாதங்களை இன்று ஆராய்ச்சியாளர்களைத் தவிர யாரும் புரட்டுவதில்லை. பிரிட்டனில் வெளியாகும் எந்த நூலிலும் ஒரு படி கேட்டு வாங்கும் உரிமை மட்டும் போட்லியனுக்கு இன்றும், சட்டப்படியே, இருக்கிறது.