வலி நின்றால் ஆடிவிடலாமா?

2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் தேவை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன் பந்துவீசி இந்தியாவை 7 ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார். அடுத்த மாதமே முட்டிக் காயத்தால் ஐபிஎல்லில் இருந்து விலகினார். ஏப்ரல் 27-ல் அறுவை சிகிச்சை நடந்தது. இத்தனைக்கும், அதற்குமுன் ஆஸ்திரேலியத் தொடரில் இருந்து திரும்பியபின் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாதமியில் பயிற்சி முடித்து, ஆடத் தகுதியானவர் என்று முடிவான பிறகுதான் அவர் இங்கிலாந்துக்கு எதிராகக் களமிறங்கியிருந்தார். இரண்டு மாதத் தொடர் ஆட்டத்தைத் தாங்க அவர் உடல் முழுதாகத் தயாராகவில்லை என்று கிரிக்கெட் வாரியமே பின்னர் அறிவித்தது.

இத்தனை வசதி உள்ள இடத்திலேயே இப்படியென்றால், பவானியில் கபடி ஆடும் பையனுக்கு யார் சொல்வது? ரெய்டு போனவனின் கணுக்காலை எதிரணி பிடித்த நொடியில், பாதம் தரையில் நிற்க உடம்பு மட்டும் திரும்பும். அப்போது முட்டி ஜவ்வு அறுந்துபோகலாம். சில வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும். "வலி இல்லீங்க சார், ஆடறேனுங்க" என்று வந்து நிற்பான். வலி நின்றதை வைத்து முடிவெடுப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

அறுந்த ஜவ்வை அறுவை சிகிச்சையில் மாற்றிவைத்தபின் அது உடலோடு ஒட்டி உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். 2016-ல் வெளியான டெலவர்–ஆஸ்லோ ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை பொறுத்திருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் காலண்டர் மட்டும் போதாது. தகுதிச் சோதனைகளில் தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கே மறுபடி அடிபட்டது. தேறாமல் ஆடப்போனவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு.

அந்தச் சோதனைகளில் ஒன்றுக்குத் தேவை ஒரு டேப் மட்டுமே. ஒற்றைக் காலில் நின்று முன்னே தாவி, அதே காலில் தள்ளாடாமல் இறங்கவேண்டும், தூரத்தை அளக்கவேண்டும். அடிபட்ட கால், நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்தையாவது எட்டவேண்டும். தொடைத் தசையின் வலுவை பிசியோதெரபிஸ்ட் தனியாகப் பார்ப்பார். அதன்பிறகும் நேராக மேட்ச் கிடையாது: ஓட்டம், சட்டென்று திரும்புவது, பிடி இல்லாத பயிற்சி, கடைசியில்தான் முழு ஆட்டம். பயமில்லாமல் கால் ஊன்றுகிறானா என்பதையும் கவனிக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டுக்கு ஆள் குறைகிறது என்று தவிக்கும் கேப்டன் இந்த முடிவை எடுக்கக் கூடாது. ஆட ஏங்கும் பையனும் கூடாது. மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் எழுதிக்கொடுத்ததைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே உடற்கல்வி சொல்லித்தரும் பி.இ.டி. சார் அவன் பெயரை அணிப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.