ஸ்டோரை ஓட்டிய ஆவி

கொழுந்து, கூடை, நிறுவை, லயம் என்று தேயிலையைப் பற்றி மலையகத்தில் பாட்டும் கதையும் நிறைய உண்டு. பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளி மலையில் எடுத்த கொழுந்து ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், போன பிறகு என்ன ஆனது என்று சொல்லும் எழுத்துதான் மிகக் குறைவு. 1880இல் ஜோன் வோக்கர் நிறுவனம் கொழுந்து உருட்டும் இயந்திரத்தைச் செய்தது. பெல்பாஸ்ட் நகரிலிருந்து சாமுவேல் டேவிட்சனின் 'சிரொக்கோ' உலர்த்திகள் வந்தன. இங்கிலாந்தின் மார்ஷல் நிறுவனம் வில்லியம் ஜாக்சனின் ரோலர்களை அனுப்பியது. ஓடைத் தண்ணீர் போதாத இடங்களில் இவற்றைச் சுழற்றியது நீராவி. விறகு தள்ளியவர், தண்ணீர் மட்டம் பார்த்தவர், வால்வு திறந்தவர், தேய்ந்த பாகத்தை அரத்தால் ராவிப் பொருத்திய பிட்டர் எல்லாரும் ஸ்டோரின் தொழிலாளர்களே. அவர்களுடைய கைத்திறன் புத்தகத்தில் இறங்கவில்லை. அதை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்ட மலிவான, நேரான வழி ஒன்று இருக்கிறது. அலமாரியில் தூங்கும் ஒரு பழைய மாதிரி நீராவி இயந்திரத்தை எடுத்து, பழுது நீக்கி, மறுபடியும் ஓடவிடுவதே அந்த வழி.

மாதிரி என்றதும் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிடுகிறோம். பர்மிங்காமில் 1937இல் ஜெப்ரி மாலின்ஸ் தொடங்கிய 'மமோட்', ஜெர்மனியின் 'வில்லெஸ்கோ' போன்ற பெயர்களில் வந்த இயந்திரங்கள் கையில் தூக்கும் அளவுதான். ஒரு பித்தளைக் கொதிகலன், அதன் அடியில் ஸ்பிரிட் விளக்கு, ஒரு சிலிண்டர், ஒரு பறக்குஞ்சக்கரம். ஆனால் ஸ்டோர் இயந்திரத்தின் தத்துவம் இதற்குள் முழுதாக இருக்கிறது. சாதாரண அழுத்தத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 கரண்டி இடம் கேட்கும். அடைத்து வைத்தால் தள்ளும். சுமார் 680 மீட்டர் உயரத்திலுள்ள பதுளையில் திறந்த பானைத் தண்ணீர் 98 பாகைக்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடுகிறது. மூடிய கொதிகலனில் அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறி, வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்போது 120 பாகையைத் தொடும்.

பல ஆண்டு கிடந்த இயந்திரத்தில் பெரும்பாலும் உடைந்தது குறைவு, இறுகியதே அதிகம். சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தால் அசையாது. பழைய எண்ணெய் பிசினாகி எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருக்கும். பலவந்தப்படுத்தாமல் மண்ணெண்ணெயில் ஊறவிட்டால் ஓரிரு நாளில் இளகும். எளிய மாதிரிகளில் தனி வால்வு கிடையாது. சிலிண்டரே இப்படியும் அப்படியும் ஆடி, தன் துளையைச் சட்டத்திலுள்ள துளைகளோடு மாற்றி மாற்றிச் சேர்த்து ஆவியை உள்ளே விட்டு வெளியே விடுகிறது. ஆகவே ஒன்றோடொன்று உரசும் அந்த இரண்டு முகங்களும் தட்டையாக இருக்க வேண்டும். அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் ஆவி பக்கவாட்டில் சீறி ஓடிவிடும். கண்ணாடித் தட்டின்மேல் மிக மெல்லிய உப்புத்தாளை விரித்து, முகத்தை வட்டவட்டமாகத் தேய்த்துச் சமன் செய்வது பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. எண்ணெய் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டால், அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும்; ஸ்பிரிங்வெளிக் குளிரில் காலையில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாத அதே எண்ணெய்தான் சிலிண்டருக்குள்ளும் இருக்கும். தையல் மெஷின் எண்ணெயை ஈர ஆவி கழுவிக்கொண்டு போய்விடும். நீராவிச் சிலிண்டருக்கென்றே வரும் கெட்டியான எண்ணெயே நிற்கும். கொதிகலனுக்கு வடித்த நீரோ சுத்தமான மழைநீரோ போதும். உள்ளே சுண்ணாம்புப் படிவு இருந்தால், வினாகிரியைத் தண்ணீர் கலந்து ஊற்றி வைத்துப் பலமுறை அலசலாம்.

கொதிகலன் வெடிக்காதா? நியாயமான கேள்வி, இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக்கூடாது. பழைய கொதிகலனை முதலில் தீயில் வைப்பதே தவறு. அதில் காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால், வழக்கமாக இயங்கு அழுத்தத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் அநேகமாகச் சுருங்குவதில்லை. எங்காவது விட்டுப்போனால் சொட்டுவதோடு அழுத்தம் இறங்கிவிடும். அதே பலவீனத்தை ஆவியோ காற்றோ கண்டுபிடித்தால் சிதறல்தான். காப்பு வால்வின் சுருள்வில் துருப்பிடித்திருந்தால் புதிதாகவே மாற்ற வேண்டும், அதில் சிக்கனம் கூடாது. இன்னொன்று, தண்ணீர் வற்றவிடக் கூடாது. தண்ணீர் தொடும் வரை உலோகத்தின் சூடு தண்ணீரின் சூட்டை அதிகம் தாண்டாது. வற்றிய கணத்தில் அது ஏறும். சாதாரண ஈயப்பற்று 190 பாகைக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். பழைய பக்கிங் கயிற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், சுரண்டிப் பறக்கவிடாமல் நனைத்து எடுக்க வேண்டும். ஸ்டோரில் கொதிகலன் பார்த்தவர் தினமும் சுமந்த கவலைகளே இவை. ஆபத்தைக் கட்டுக்குள் வைக்கத் தெரிவதுதான் அந்தத் தொழிலின் அறிவு. மேற்பார்வையோடு ஓடும் ஒரு சிறு இயந்திரம் அதைக் கற்றுத்தரும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது தராது.

ஓடினால் தேயும், அசல் வண்ணம் கருகும், பழம்பொருளின் மதிப்புப் போகும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அவர்கள் பக்கமே நான் நிற்பேன். கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தின் பெரிய இயந்திரங்களுக்குத் தீ மூட்டச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட மாதிரிக்கு அந்த வாதம் பொருந்தாது. ஓட்டிப் பார்ப்பதில் கிடைக்கும் அறிவு எத்தகையது என்பதற்குச் சென்னையே சாட்சி. 1855இல் செய்யப்பட்ட 'இ.ஐ.ஆர் 21' இரயில் இயந்திரம், நீண்ட காலம் காட்சிப்பொருளாக நின்ற பின், 2010இல் பெரம்பூர்ப் பணிமனையில் உயிர்பெற்றது. பார்த்துக்கொண்டே இருந்த காலத்தில் யாருக்கும் தேவைப்படாத வேலைநுணுக்கத்தை, ஓட்ட முயன்றவர்கள் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்றுண்டு. நம்மைப் பிழிந்த காலத்தின் இயந்திரத்தை நாமே துடைத்து வைத்துப் பெருமைப்படுவதா? இந்தக் கேள்வியின் வலி உண்மையானது. பதுளைக்கு 1924இல் இரயில் வந்தது. கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி ஏற்றங்கள். பட்டிப்பொலவில் 1,898 மீட்டர் உச்சி. அந்த ஏற்றத்தில் கரி தள்ளித் தள்ளி வெந்தவர்களின் பெயர் எந்த இயந்திரத்திலும் இல்லை. பித்தளைப் பலகையில் பொறித்ததெல்லாம் தேசாதிபதிகளின் பெயர். 1986இல் தொடங்கிய 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' சுற்றுலா இரயிலுக்கு உழைத்த 251ஆம் இலக்க இயந்திரம்கூட 'சேர் தோமஸ் மெயிட்லண்ட்' தான். அசையாமல் நிற்கும் இயந்திரத்தில் அந்தப் பலகை மட்டுமே பேசுகிறது. தீ மூட்டினால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்: எவ்வளவு விறகு, யார் வெட்டியது, எத்தனை மணிக்கு எழுந்து மூட்டியது, கை சுட்டால் யார் பார்த்தது.

அதனால் ஊவாவின் பள்ளி ஆய்வுகூடத்தில் இப்படி ஒன்று ஓடும் நாளில், சக்கரம் வெறுமனே சுழல்வதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரு நூலைக் கோத்து, தகரத்தில் செய்த சிறு உருளையை அதனோடு பிணைக்க வேண்டும். சுமை ஏறியதும் சக்கரம் தளரும், சிலிண்டரின் 'சக் சக்' இடைவெளி விடும். அப்போது ஒரு பிள்ளை குனிந்து விளக்குத் திரியைப் பார்ப்பாள், இன்னொருத்தி தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பாள்.