இளவட்டக்கல் தூக்குதலில் எலும்புக்கூட்டின் பங்கு

இளவட்டக்கல் தூக்குதல் என்பது தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வழங்கிவரும் வீர விளையாட்டுக்களுள் ஒன்றாகும். இதில் வெற்றி தருவது தசை வலிமை மட்டுமே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் தசைகள் எலும்புகளைப் பற்றி இழுக்க மட்டுமே வல்லவை. கல்லின் எடையைத் தாங்கி நிலத்துக்குக் கடத்துவது எலும்புக்கூடே ஆகும்.

கல்லும் வழக்கமும்

இளவட்டம் என்பது நெல்லை வட்டாரத்தில் இளைஞரைக் குறிக்கும் சொல்லாகும். ஊர்ப் பொதுவிடத்தில் கிடக்கும் இக்கல் உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். கைப்பிடி எதுவும் இராது. இதனைத் தூக்கியவனுக்கே பெண் கொடுக்கும் வழக்கம் முன்னாளில் இருந்ததாகக் கூறப்படுகிறது. இதனால் கல்யாணக்கல் என்ற பெயரும் இதற்கு உண்டு.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது இப்போட்டி நடைபெற்று வருகிறது. அங்கு 45 கிலோ முதல் 129 கிலோ வரை வெவ்வேறு எடையுள்ள கற்கள் உள்ளன. பெண்களுக்கு உரல் தூக்கும் போட்டியும் நடத்தப்படுகிறது. ஐசுலாந்து, இசுக்காட்லாந்து, எசுப்பானியாவின் பாசுக்குப் பகுதி ஆகியவற்றிலும் கல் தூக்கும் மரபுகள் உள்ளன.

எடை கடத்தப்படும் வழி

வளர்ந்த மனிதரின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. இவை உடலைத் தாங்குதல், உள்ளுறுப்புக்களைக் காத்தல், தசைகளுக்கு நெம்புகோலாக அமைதல் ஆகிய பணிகளைச் செய்கின்றன.

தூக்கப்பட்ட கல்லின் எடை கைகள், தோள்பட்டை வழியாக முதுகெலும்பை அடைகிறது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என அமைந்த முள்ளெலும்புகள் கீழ்நோக்கிச் செல்லச் செல்லப் பெரிதாகின்றன. கீழே உள்ளவை கூடுதல் சுமையைத் தாங்குவதே இதற்குக் காரணமாகும். இவற்றுக்கு இடையிலுள்ள குருத்தெலும்புத் தட்டுக்கள் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கின்றன. பின்னர் எடையானது இடுப்புக்கூடு, தொடையெலும்பு, கணுக்காலுக்கு மேலுள்ள கால் எலும்பு ஆகியவற்றின் வழியே பாதத்தின் வளைவை அடைந்து நிலத்துக்குச் செல்கிறது.

தூக்கும் படிநிலைகள்

1. குந்துதல்: கல்லை இரு பாதங்களுக்கு இடையில் வைத்துக் குந்தி, கைகளால் அணைத்தல். வழவழப்பான கல்லில் விரல்கள் மட்டும் போதிய பிடிப்பைத் தருவதில்லை. முன்கைகளும் நெஞ்சுக்கூடும் கல்லை நெருக்குவதால் தோன்றும் உராய்வே கல்லை நிறுத்துகிறது.
2. மடியேற்றுதல்: சற்றே எழுந்து கல்லைத் தொடைகளின் மேல் வைத்தல். இப்போது சுமையின் பெரும்பகுதி நேரே தொடையெலும்புகளுக்குச் செல்வதால் முதுகு இளைப்பாறுகிறது, பிடியையும் மாற்றிக்கொள்ளலாம்.
3. நெஞ்சேற்றுதல்: இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் ஒருசேர நிமிரக் கல்லை நெஞ்சுக்கு உயர்த்துதல். மூச்சை அடக்குவதால் வயிற்றறையில் அழுத்தம் கூடி, முதுகெலும்பு வளையாமல் நிற்க உதவுகிறது.
4. தோளேற்றுதல்: கல்லைத் தோளில் ஏற்றிப் பின்புறமாக விழவிடுதல்.

நெம்புகோல் கணக்கு

இப்படிநிலைகளின் தேவையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். முதுகுத் தசைகள் முதுகெலும்பின் சுழல் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவிலேயே இழுக்கின்றன. 60 கிலோ கல்லின் மையம் முதுகெலும்பிலிருந்து 60 செ.மீ. முன்னால் இருப்பின், அதனைச் சமன்செய்யத் தசைகள் 720 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தர வேண்டும் (60 × 60 ÷ 5). கல்லை அணைத்து 40 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்தால் இது 480 கிலோவாகக் குறையும். முன்னோக்கிச் சாய்ந்த மேலுடலின் எடை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. இவ்விசை முழுவதும் முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது.

60 கிலோ எடையுள்ள கருங்கல் உருண்டையின் விட்டம் ஏறத்தாழ 35 செ.மீ. ஆகும். எனவே எவ்வளவு இறுக அணைத்தாலும் உடலுக்கு முன்னால் உள்ளவரை கல்லின் மையம் முதுகெலும்பை ஓரளவுக்கு மேல் நெருங்க இயலாது. தோளில் ஏறிய பின்னரே எடை எலும்புத் தூணுக்கு மேலாக அமைகிறது. பழகியவர் விரைவாகத் தோளேற்றிவிட முயல்வதன் காரணம் இதுவே.

எலும்பின் தகவமைவு

எலும்பு உயிருள்ள இழையமாகும். தன்மேல் விழும் சுமைக்கேற்ப அது தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதைச் செருமானிய மருத்துவர் யூலியசு வோல்ஃப் 1892 ஆம் ஆண்டில் விளக்கினார். டென்னிசு ஆட்டக்காரரின் மட்டை பிடிக்கும் கையில் மேற்கை எலும்பு தடித்திருப்பதும், எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்களின் எலும்பு அடர்த்தி குறைவதும் இதற்குச் சான்றுகளாகும்.

இம்மாற்றம் மிக மெதுவாகவே நிகழும். பயிற்சியால் தசை வலிமை சில வாரங்களில் கூடும். எலும்பு ஈடுகொடுக்கப் பல மாதங்கள் ஆகும். எனவே தசை தூக்கக்கூடிய எடையைத் தாங்க எலும்பு ஆயத்தமாக இராத இடைக்காலம் ஒன்று உண்டு. எடை குறைந்த கல்லில் நெடுநாள் பழகிய பின்னரே அடுத்த கல்லுக்குச் செல்வது இவ்விடர் காலத்தைக் கடக்க உதவுகிறது.

தசைநாண்கள் பற்றும் இடங்களில் எலும்பில் மேடுகள் காணப்படும். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் போன்ற தொல்லிடங்களில் கிடைக்கும் எலும்புக்கூடுகளில் இத்தகைய மேடுகளை ஆராய்ந்து, வாழ்ந்தோரின் உடலுழைப்பை மதிப்பிட மானிடவியலாளர் முயல்வதுண்டு.

காயங்களும் முற்காப்பும்

முதுகை முன்னோக்கி வளைத்துத் தூக்கினால் முள்ளெலும்பு இடைத்தட்டுக்கள் பிதுங்கக்கூடும். கல்லைப் பின்னே விடும்போது முதுகு பின்னோக்கி வளைவதால் அழுத்தம் முள்ளெலும்பின் பின்வளைவுக்கு மாறுகிறது. இவ்வளைவு அடிக்கடி நிகழ்ந்தால் இளம் வயதினருக்கு அங்கு அயர்வு முறிவு ஏற்படலாம்.

பதின்ம வயதினரின் நீள எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டுக்கள் உள்ளன. இவை எலும்பின் மற்றப் பகுதிகளைவிட வலுக்குறைந்தவை; காயமுற்றால் எலும்பின் வளர்ச்சி தடைப்படலாம். பெரும்பாலான நீள எலும்புகளில் இவை 20 வயதை ஒட்டி மூடிவிடுகின்றன. ஆகையால் பள்ளி மாணவர்கள் பெரிய கற்களைத் தூக்கிப் பார்ப்பதைத் தவிர்த்து, பயிற்சியாளரின் மேற்பார்வையில் குறைந்த எடையுடன் சரியான உடல்நிலையைப் பழகுவதே தகும்.