வாக்கர் வாங்கும் முன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

பக்கவாதம் வந்து, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு அடுத்த சவால் அன்றாட வேலைகள்தான். குளிப்பது, சட்டை போடுவது, தானே எடுத்துச் சாப்பிடுவது என இவற்றை மறுபடி பழக்குவதே ஆக்குபேஷனல் தெரபி. அவர் புழங்கும் வீட்டிலேயே பழக்கும்போது, செலவும் குறையும், குப்பையும் குறையும். எப்படி?

கையில் இருப்பதே போதும்

ஸ்பூனைப் பிடிக்க முடியலையா? கைப்பிடியில் பழைய துணியை இறுக்கிச் சுற்றித் தடிமனாக்குங்கள். அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். காலை இடறும் மிதியடியை எடுத்துவிட ஒரு பைசாகூட ஆகாது. தெரபிஸ்ட் வந்து பார்த்த பிறகு, உண்மையிலேயே தேவைப்படுவதை மட்டும் வாங்குங்கள். அளவு பொருந்தாத கருவி மூலையில்தான் கிடக்கும்.

ஒருவர் விட்டது இன்னொருவருக்கு

வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி போன்றவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். வாக்கரின் ரப்பர் அடி தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். வாங்குபவர் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது, கைப்பிடி அவர் மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் பிரேக்கைச் சோதியுங்கள். ஒருவருக்கென அளவெடுத்துச் செய்த ஸ்பிளின்ட்டை மட்டும் கைமாற்றாதீர்கள்.

டயப்பர் கட்டாயமா?

சிறுநீரை அடக்க முடிந்தும், கழிப்பறை வரை போக முடியாததால் டயப்பர் கட்டப்படுபவர்கள் உண்டு. கட்டில் அருகே கமோடு நாற்காலி வைத்து, குறிப்பிட்ட நேரங்களில் அதில் உட்காரப் பழக்கினால், பலருக்கு டயப்பர் தேவை குறையும். குப்பை குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும், அவருடைய மானம் காப்பாற்றப்படுகிறதே, அதுதான் பெரிது. பயன்படுத்திய டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடித் தாருங்கள். தூய்மைப் பணியாளரின் கையும் நம் கைதானே!

யாரிடம் கேட்பது?

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்கள், உதவி உபகரணங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.