குழல் விளக்கின் வெண்மையும் நிறங்களின் உண்மைத் தோற்றமும்

துணிக்கடையின் குழல் விளக்கொளியில் புடவைக்கு இசைவாகத் தேர்ந்தெடுத்த ரவிக்கைத் துணி, வெளியே பகலொளியில் விரித்துப் பார்க்கும்பொழுது வேறு நிறமாகத் தோன்றுவதுண்டு. இதில் கடைக்காரரின் சூது எதுவும் இல்லை, குறை விளக்கினுடையது. துணியைப் பொறுத்தவரை இது சிறு நஷ்டத்தோடு போகும். மருத்துவமனையில் அவ்வாறன்று. பிராணவாயு குறைந்த நோயாளியின் உதடுகளில் படரும் நீலமும், காமாலையால் கண்களில் ஏறும் மஞ்சளும் மருத்துவர் கண்ணால் கண்டறிய வேண்டிய அறிகுறிகள். அவற்றை மறைக்கும் விளக்கு ஆபத்தானது.

குழலினுள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்பொழுது, பெரும்பாலும் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்களே வெளிப்படுகின்றன. இவை கண்ணுக்குப் புலப்படா. கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட பாஸ்பர் தூள் இவற்றை ஏற்று, புலனாகும் ஒளியாக மாற்றித் தருகிறது. ஆகவே ஒளியின் தரம் பெரும்பாலும் பூச்சின் தரமேயாகும். 1942ஆம் ஆண்டு பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட ஹாலோபாஸ்பேட் பூச்சு நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அது நீலத்தையும் மஞ்சளையும் கலந்து வெண்மையைத் தோற்றுவிக்கிறது. சிவப்போ அதில் மிகக் குறைவு. சிவந்த பொருள், தன்மீது விழும் சிவப்பொளியைத் திருப்பியனுப்புவதாலேயே சிவப்பாகத் தெரிகிறது. விழும் ஒளியில் சிவப்பு இல்லாவிடில் எதைத் திருப்பியனுப்பும்? குங்குமம் பழுப்பாகிவிடுகிறது, முகம் வெளிறிவிடுகிறது. 1970க்குப் பின்னர் வந்த, அருமண் தனிமங்களாலான மூவகைப் பாஸ்பர் கலவை இக்குறையைப் பெரிதும் நீக்கியது.

‘பகலொளி’ என்னும் பெயரைக் கண்டு வாங்குவோர் இங்குதான் ஏமாறுகின்றனர். அப்பெயர் விளக்கு எத்தகைய வெண்மையுடன் தோன்றும் என்பதை மட்டுமே குறிக்கும். நிறங்களைச் செவ்வனே காட்டும் என்று உறுதி கூறாது. குழலின் முனையில் அச்சிடப்பட்டுள்ள மூன்றிலக்க எண்ணே உதவக்கூடியது. 840 என்பதில் 8 என்னும் முதல் இலக்கம் நிறங்காட்டு எண் 80க்கும் 89க்கும் இடைப்பட்டது என்பதையும், 40 என்பது நிற வெப்பநிலை 4,000 கெல்வின் என்பதையும் உணர்த்தும். 765, 965 ஆகிய இரண்டும் ஒரே வெண்மையுடையவை. நிறங்காட்டுவதிலோ பெரிதும் வேறுபட்டவை.

நிறங்காட்டு எண்ணின் உச்ச மதிப்பு 100. மென்மையான எட்டு மாதிரி நிறங்களை விளக்கொளியில் ஒப்பிட்டு, அவற்றின் சராசரியாக இது கணக்கிடப்படுகிறது. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் ஒன்றன்று. எனவே 80ஐத் தாண்டிய விளக்கும் பட்டின் அரக்குச் சிவப்பில் தவறக்கூடும். வாங்குமுன் சிவப்புத் துணி ஒன்றையும் உள்ளங்கையையும் அவ்வொளியில் பார்த்து, உடனே பகலொளியிலும் பார்ப்பது எளிய சோதனை.

வீட்டுக்கும் வகுப்பறைக்கும் 80 போதும். வண்ண அச்சைச் சரிபார்க்கும் மேசைக்கு 5,000 கெல்வினும், 90க்குக் குறையாத எண்ணும் தேவை. இதற்கொரு விலை உண்டு: 36 வாட் குழலில் 840 வகை சுமார் 3,300 லூமென் ஒளி தருகையில், 965 வகை 2,800 அல்லது அதற்கும் குறைவாகவே தரும்.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023ஆம் ஆண்டு எடுத்த முடிவின்படி, பொது ஒளியூட்டலுக்கான ஹாலோபாஸ்பேட் குழல்களின் உற்பத்திக்கு 2026ஆம் ஆண்டும், மூவகைப் பாஸ்பர் குழல்களுக்கு 2027ஆம் ஆண்டும் முடிவெல்லைகளாகும். அவற்றின் இடத்தைப் பெறும் எல்.இ.டி. விளக்குகளையும் இதே நிறங்காட்டு எண்ணைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாம்.