ஒரே வலையமைப்பு, பல பூட்டுகள்

முன்னர் கடைக்கதவைப் பூட்டி, இரும்புப் பெட்டியின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டால் வியாபாரி நிம்மதியாக வீடு செல்லலாம். இன்று கடன் கொப்பியும் இருப்புக் கணக்கும் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளும் கணினிக்குள் வந்துவிட்டன. அந்தக் கணினிக்கு வலையமைப்பு என்னும் இன்னொரு கதவு இருக்கிறது.

எமது நகரங்களில் ஒரே மாடிக் கட்டடத்தில் தையற்கடை, போட்டோகொப்பிக் கடை, கணக்காளர் அலுவலகம் எனப் பல சிறு தொழில்கள் அருகருகே நடக்கின்றன. செலவைக் குறைக்க ஒரே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்வோரும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் றவுட்டர் வெளியிலிருந்து வருவதை ஓரளவு தடுத்தாலும், உள்ளே இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று அணுகுவதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. வெளிவாசலில் காவலாளி நிற்கிறார், அறைகளுக்கோ கதவில்லை. எனவே பக்கத்துக் கடையின் கணினிக்குள் நுழைந்த தீநிரல் எமது கணினியையும் தேடி வரலாம்.

2017 மே 12ஆம் திகதி பரவத் தொடங்கிய வனாக்ரை இதற்குச் சான்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட இத்தீநிரல், 150 வரையிலான நாடுகளைப் பாதித்தது. யாரும் எதையும் அழுத்தாமலேயே ஒரு கணினியிலிருந்து அதே வலையமைப்பிலுள்ள மற்றக் கணினிகளுக்குத் தாவியது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகளில் சத்திரசிகிச்சைகள்கூட ஒத்திவைக்கப்பட்டன. இத்தனைக்கும் அன்று பாவனையிலிருந்த முக்கிய விண்டோஸ் பதிப்புகளுக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே அகப்பட்டன.

ஆகவே முதல் வேலை, கணினி கேட்கும் புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடாதிருத்தல். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பகிரப்படும் இணைப்பில் சேரும்போது விண்டோஸில் அதைத் தனிப்பட்ட வலையமைப்பு என்றல்லாமல் பொது வலையமைப்பு என்றே தெரிவுசெய்தல். அப்போது கணினியின் தீச்சுவர் அயற்கணினிகளிடமிருந்து அதை மறைத்து வைக்கும். பகிர்ந்த கோப்புறைகள் தேவையில்லையெனில் அவற்றையும் மூடிவிடலாம்.

மூன்றாவது, றவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுதல். வாடிக்கையாளருக்கு வைபை கொடுப்பதாயின், றவுட்டரில் விருந்தினருக்கெனத் தனி வலையமைப்பு அமைக்கும் வசதி உண்டா எனப் பார்க்க வேண்டும்.

நான்காவது, கணக்குகளின் பிரதியொன்றை வெளி வன்தட்டில் எடுத்து, உடனே கழற்றி வைத்தல். செருகியபடியே விட்டால் தீநிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு பிற்பகல் போதும். மாணவிகளே, பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்கும் நாம், வாப்பாவின் கடைக் கணினியை இந்த விடுமுறையில் ஒருமுறை பார்த்துக் கொடுக்கலாம். பெற்றோரே, அவ்வேலையை உங்கள் பிள்ளைகளிடம் நம்பிக் கொடுங்கள். அயற்கடைக்காரருக்கும் சொல்லுங்கள். ஒரே இணைப்பைப் பகிர்வோர் அதன் ஆபத்தையும் பகிர்கிறார்கள். எமது கணினியில் இருப்பது எமது கணக்கு மட்டுமல்ல. எம்மை நம்பிப் பெயரும் முகவரியும் தந்த மனிதர்களின் விபரங்களும்தான்.